நோட்டில் சாகாத உக்கிரபாண்டி

என் ஆத்தா சோணையம்மாளைக் கோபக்காரி என்று ஊரில் சொல்வார்கள். சொன்ன வாயில் மண் விழ. ஒருத்தியைப் பதினான்கு வருடம், கட்டினவளா அறுத்தவளா என்றே தெரியாமல் நிறுத்தி வைத்தால் அவள் என்ன, கோலாட்டமா ஆடுவாள்? கோபப்பட்டாள். நானும் படுகிறேன். இதை எழுதும்போதும் பேனா அழுந்தித் தாள் கிழிகிறது. வயதானதால் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

ராமநாதபுரம் சீமையில், சிக்கலுக்குத் தெற்கே மூன்று மைல் தள்ளி எங்கள் ஊர். என் அய்யா உக்கிரபாண்டிக்கு அங்கே இரண்டு குறுக்கம் நிலம். மிளகாய் போடுவார். வத்தலை மூட்டை கட்டி ரயிலேற்றிப் பாம்பனுக்குக் கொண்டுபோய்க் கருவாட்டுக்கு மாற்றிக்கொண்டு வருவார். அங்கே மரியதாஸ் என்ற மீன்பிடி வள்ளக்காரர் அவருக்கு நெருங்கிய சிநேகிதர்.

அப்போது எங்கள் ஆட்கள் தலையில் ரேகைச் சட்டம் இருந்தது. திருடினவன், திருடாதவன் என்ற பேச்சே கிடையாது. பிறந்த குடியைப் பார்த்து, மீசை முளைத்த எல்லாரும் ஸ்டேஷனில் பெருவிரலை மையில் உருட்டிப் பதிய வேண்டும். பொழுது சாய்ந்தால் ஸ்டேஷன் வாசலில் போய்ப் படுக்க வேண்டும். வெளியூர் போவதென்றால் சீட்டு வாங்க வேண்டும். கல்யாணமான புதிதில்கூட அய்யா ஸ்டேஷன் வாசலில்தான் படுத்தார். அப்படியென்றால் நான் எப்படிப் பிறந்தேன் என்று ஒருமுறை ஆத்தாவிடம் கேட்டு விளக்குமாற்றால் வாங்கியிருக்கிறேன்.

நாற்பத்திரண்டாம் வருடம், எனக்கு மூன்று வயதாக இருக்கும்போது, அய்யா ஒரு நாள் காலையில் வேட்டி துண்டோடு கிளம்பினார். எங்கே என்று ஆத்தா கேட்டாள்.

"சொல்ல மாட்டேன். நாளைக்குப் போலீசுக்காரன் வந்து ஒன்னையக் கேப்பான். தெரியாதுன்னு நீ சொல்றப்ப அது நெசமா இருக்கணும்" என்றார். அதுதான் அவர் கடைசியாகப் பேசியது.

போலீஸ் வந்தது. தெரியாது என்று ஆத்தா சொன்னாள். நிஜத்தைச் சொன்னதற்கு முதுகில் லத்தி விழுந்தது. ஸ்டேஷன் நோட்டில் அய்யா பேருக்கு நேரே 'தலைமறைவு' என்று எழுதினார்கள். ஊர் தன் பங்குக்கு, இலங்கையில் ஒருத்தியோடு குடித்தனம் நடத்துகிறான் என்று எழுதாமலே எழுதிக்கொண்டது. அந்த இலங்கைக்காரிக்கு மூக்குத்தி எந்தப் பக்கம் என்பது வரை சொல்ல ஆள் இருந்தது.

நாற்பத்தேழில் ரேகைச் சட்டத்தை எடுத்தார்கள். ஊரில் வேட்டுப் போட்டார்கள், பொங்கல் வைத்தார்கள். சட்டம் போனது, நோட்டு போகவில்லை. புது ஏட்டு மாற்றலாகி வரும்போதெல்லாம் பழைய நோட்டைப் புரட்டுவான். புரட்டியதும் எங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பான். கல்யாண வீடுகளில் ஆத்தாளை ஆரத்தி எடுக்கக் கூப்பிடவும் மாட்டார்கள், எடுக்காதே என்று சொல்லவும் மாட்டார்கள். பந்தலில் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு வருவாள். வந்து சட்டி பானையைப் போட்டு உருட்டுவாள்.

ஐம்பத்தாறில் வந்த ஏட்டு கொஞ்சம் கூடுதலாகக் கேட்டுவிட்டான். "ஒம் புருசன் மாசத்துக்கு ஒருக்கா வந்துட்டுப் போறானாமே? இல்ல, வந்துட்டுப் போறது வேற எவனுமா?"

ஆத்தா கையில் அப்போது அரிவாள்மனை இருந்தது. நான் தோளைப் பிடித்துக்கொள்ளாவிட்டால் இந்தக் கதை வேறு மாதிரி போயிருக்கும்.

மறுநாள் என்னைக் கூட்டிக்கொண்டு கடலாடிக்கு நடந்தாள். அங்கே கடைத்தெரு வேப்பமரத்தடியில் முனியசாமி என்று ஒருவர் மனு எழுதுவார். பர்மாவரை போய் வந்த பட்டாளத்துக்காரர், இங்கிலீஷ் தெரியும். நோட்டிலிருந்து புருஷன் பேரை எடுக்கச் சொல்லிக் கலெக்டருக்கு மனு எழுத வேண்டும் என்று அவர் எதிரே உட்கார்ந்தாள். எனக்குத் தாகம். தண்ணீர் குடிக்கப் பக்கத்துக் கிணற்றடிக்குப் போனேன். அந்த நேரத்தில்தான் அவர் கேட்டிருக்கிறார்.

"புருசன் பேரு?"

எங்கள் பக்கத்தில் புருஷன் பேரைப் பெண்டாட்டி சொல்ல மாட்டாள். வெட்டிப் போட்டாலும் சொல்ல மாட்டாள். கூட வந்தவர்கள் யாராவது சொல்ல வேண்டும்.

"மக வந்து சொல்லுவா. செத்த இருங்க."

பின்னால் இன்னும் நாலு பேர் மனுவுக்குக் காத்திருந்தார்கள். முனியசாமிக்குப் பொறுமை இல்லை. "சரி, பேருக்கு எடம் விட்டுக்கிறேன். அங்க அடையாளம் சொல்லு."

"எடது கையில சோணைன்னு பச்சை குத்தியிருக்கும். எங்க சாமி பேரு. வலது காலுல பெருவெரலுக்கு அடுத்த ரெண்டு வெரலும் ஒட்டியிருக்கும். சிரிச்சா ஒரு கண்ணு மூடிக்கிரும்."

நான் திரும்பி வந்தபோது முனியசாமி பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஆத்தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ பாம்பனா?" என்றார்.

"பாம்பன்ல எனக்கென்ன சோலி?"

"இந்த அடையாளம் பூராவும் பெஞ்சமினுக்கு உள்ளது. பாம்பன் பெஞ்சமின். அப்பன் பேரு மரியதாஸ். பட்டாளத்துல என்கூட ஒரே கம்பெனியில இருந்தவன் தாயி."

நான் அய்யா பேரைச் சொன்னேன். அந்தப் பேரை அவர் கேள்விப்பட்டதே இல்லை. நான் தண்ணீருக்குப் போகாமல் இருந்திருந்தால் உக்கிரபாண்டி என்று எழுதிக் கையெழுத்து வாங்கி எங்களை அனுப்பியிருப்பார். பேர் தெரியாததால்தான் ஆளைத் தெரிந்தது.

மெல்ல மெல்லச் சொன்னார். ரேகை நோட்டில் இருப்பவனைப் பட்டாளத்தில் எடுக்க மாட்டார்கள் என்று அப்போது ஊரெல்லாம் பேச்சு. நிஜமோ பொய்யோ, அய்யா நம்பியிருக்க வேண்டும். பெஞ்சமின் என்று பேர் கொடுத்துச் சேர்ந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் மற்றவர்கள் சிலுவை போட்டு முடித்த பிறகு இவர் அரைகுறையாகக் கையை ஆட்டுவாராம்.

"வேதக்காரன் கையில சோணைக்கு என்னடா வேலைன்னு கேலி பண்ணுவோம். அது எம் பொண்டாட்டி பேருடாம்பான். கல்யாணமே ஆகலேன்னு எழுதிக் குடுத்துட்டு இப்படிப் பீத்துறான் பாருன்னு சிரிப்போம்."

அந்தப் பச்சை சாமிக்கு என்றுதான் ஆத்தா அதுவரை நினைத்திருந்தாள். அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. உடனே சரியாக்கிக்கொண்டாள்.

"ஆளு எங்க?"

"நாப்பத்திநாலுல பர்மாவுல வயித்துல குண்டு பாஞ்சிருச்சு. மூணாம் நாள் போயிட்டான். நான்தான் மண்ணு தள்ளுனேன். குருசு நட்டோம். பாம்பனுக்குத் தந்தி போச்சு."

நான் அழ ஆரம்பித்தேன். ஆத்தா என் கையைப் பிடித்து நெரித்தாள். "அழுகாத. தந்தி வாங்குனவுகளப் பாத்துட்டு அழுகலாம்." பிறகு முனியசாமியிடம், "சாட்சி சொல்ல வருவீகளா?" என்றாள். எழுதித் தருகிறேன், ஸ்டேஷனுக்கெல்லாம் வரமாட்டேன், எனக்கும் பிள்ளை குட்டி இருக்கிறது என்றார். பர்மாவில் குண்டுக்குப் பயப்படாத மனுஷன்.

மறுநாள் ராமநாதபுரத்தில் ரயிலேறினோம். பாலத்தின் மேல் போகும்போது பெட்டியில் இருந்தவர்கள் எல்லாரும் கடலை எட்டிப் பார்த்தார்கள். ஆத்தா தன் காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பாம்பனில் மரியதாஸ் வீட்டை விசாரித்தோம். அவர் செத்துப் பதிமூன்று வருடம் ஆகிறது, பெண்சாதி லூர்து மேரி இருக்கிறாள் என்றார்கள். அறுபதைத் தாண்டிய கிழவி. குடிசைக்கு முன்னால் மணலில் குத்தவைத்து, காயப்போட்ட கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து ஆத்தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நாங்கள் வாயைத் திறக்கும் முன்பே கேட்டாள்.

"சிக்கலா?"

பன்னிரண்டு வருடமாக அவள் எங்களை எதிர்பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். அது தெரிந்ததும் எனக்கு அவள் மேல் இரக்கம் வரவில்லை. வெறிதான் வந்தது.

"தந்தி வந்துச்சா?" என்றாள் ஆத்தா.

"வந்துச்சு மவளே."

"எங்களுக்கு ஏன் ஆளனுப்பல?"

கிழவி கருவாட்டுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு சொன்னாள். பெஞ்சமின் அவளுடைய இளைய மகன். முப்பத்தொன்பதில் வள்ளத்தில் போனவன் திரும்பவில்லை. பலகைகூட ஒதுங்கவில்லை. என்றைக்காவது வருவான் என்று அவனுக்குச் சாவுப் பூசை வைக்க அவள் சம்மதிக்கவே இல்லை. அவனுடைய ஞானஸ்நானச் சீட்டு பெட்டியில் இருந்தது. அதைத்தான் மரியதாஸ் எடுத்து என் அய்யாவிடம் கொடுத்திருக்கிறார்.

"பேரு சும்மாத்தான கெடக்கு, ஒருத்தனுக்காவது ஆகட்டும்னு குடுத்தாரு. யார்ட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னு ஒம் புருசன் சத்தியம் வாங்கிட்டுப் போனாரு. அடுத்த வருசம் இவரும் காச்சல்ல போயிட்டாரு. அதுக்கப்புறந்தான் தந்தி வந்துச்சு. ஒம் மகன் பெஞ்சமின் செத்துட்டான்னு வாசிச்சுச் சொன்னாக. அன்னைக்குத்தான் நான் மொத மொதல்ல மாரடிச்சு அழுதேன். அஞ்சு வருசமா அழுகாதவ. பூசை வச்சோம். கல்லறையில குருசு வச்சோம்."

"எம் புருசனுக்கு."

"எம் மகனுக்கு" என்றாள் கிழவி. "சிக்கலுக்கு ஆளனுப்பணும்னு எத்தனையோ நாள் கெளம்பியிருக்கேன். சொல்லிட்டா அது ஒம் புருசன் சாவு ஆயிரும். எம் மகன் மறுபடி காணாமப் போயிருவான். அதான் சொல்லல."

ஆத்தா போட்ட சத்தத்தில் பக்கத்துக் குடிசைக்காரர்கள் எல்லாம் வெளியே வந்துவிட்டார்கள்.

"ஒம் மகனப் பொதைக்க எம் புருசந்தான் கெடச்சாரா? பன்னெண்டு வருசம்டி! எவன் எவனோ வாசல்ல வந்து நின்னு கேக்கக் கூடாததெல்லாம் கேட்டான். நல்லது பொல்லதுல என்னைய ஒரு மூலையில நிறுத்துனாளுக. நீ இங்கன மெழுகுவத்தி ஏத்திக்கிட்டு இருந்திருக்க! ஒம் மகன் கடல்ல போனா கடலப் போயிக் கேளு. என் வயித்துல ஏண்டி அடிச்ச?"

கிழவி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு தலைகுனிந்து நின்றாள். அது ஆத்தாவின் கோபத்தை இன்னும் கிளப்பியது. எதிர்த்துப் பேசினாலாவது மயிரைப் பிடித்திருக்கலாம்.

"கெளம்பு. எங்க ஸ்டேசனுக்கு வந்து ஒன் வாயால சொல்லு."

கிழவி மறுக்கவில்லை. கை கழுவிவிட்டு வந்து பெட்டியிலிருந்து தந்தியை எடுத்தாள். "போற வழியில கல்லறைக்கு ஒரு எட்டுப் போயிட்டு வந்திருறேன்" என்று மட்டும் கேட்டாள். நாங்களும் போனோம். மரக்குருசு. ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் சுண்ணாம்பு அடித்து அடித்துத் தடித்துப்போயிருந்தது. பெஞ்சமின், பட்டாளத்தில் இறந்தவன் என்று கறுப்பு மையில் எழுதியிருந்தார்கள். அடியில் அவள் மகனும் இல்லை, என் அய்யாவும் இல்லை. கிழவி அதைத் தொட்டுக்கொண்டு ஏதோ முணுமுணுத்தாள். என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. மகனிடம் உத்தரவு வாங்கினாளோ என்னவோ.

வருகிற வழியெல்லாம் ஆத்தா அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ராமநாதபுரத்தில் நான் வாங்கிக் கொடுத்த காப்பியைக் கிழவி குடித்ததற்கு என்னை முறைத்தாள்.

ஸ்டேஷனில் அதே ஏட்டு இருந்தான். தந்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ரைட்டரிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னான். முனியசாமி எழுதிக் கொடுத்ததையும் வாசித்தார்கள். ஏட்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இதுல பெஞ்சமின்னு இருக்கு. உக்கிரபாண்டி எங்க இருக்கு? பச்சையப் பாத்தானாம், வெரலப் பாத்தானாம்."

அப்போது கிழவி முன்னால் வந்தாள்.  

"எம் மகன் பெஞ்சமின் முப்பத்தொம்பதுலயே கடல்ல போயிட்டான் எசமான். தந்தியில உள்ளது இவ புருசன்."

பதினேழு வருடத்தில் அவள் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லி முடித்ததும் சிலுவை போட்டுக்கொண்டாள்.

ஏட்டின் சிரிப்பு நின்றது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "அப்பிடியா சங்கதி? செத்த மகன் பேருல வேற ஒருத்தனப் பட்டாளத்துல சேத்துவிட்டு, இத்தன வருசமா சர்க்கார் பணமும் வாங்கித் தின்னுருப்ப. யோவ் ரைட்டர், பேப்பர் எடுய்யா. கெழவிய இப்பிடி உக்கார வையி. பெரிய கேசு சிக்கிருச்சு."

ஒரு கேஸ் கிடைத்த சந்தோஷம் அவன் முகத்தில் அப்படிப் பொங்கியது. செத்துப்போன ஒருத்தனைச் செத்தான் என்று எழுத இவர்களிடம் ஒரு சொட்டு மை இல்லை. அறுபது வயதுக் கிழவியை உள்ளே தள்ள ஒரு கட்டுப் பேப்பர் இருந்தது.

ஆத்தா கிழவியைப் பார்த்தாள். நன்றாக வேண்டும் என்றுதான் நினைப்பாள் என்று நான் நினைத்தேன். நான் அப்படித்தான் நினைத்தேன், மறைப்பானேன். கிழவி ரைட்டர் காட்டிய இடத்தில் கையைக் கூப்பியபடி தரையில் உட்கார்ந்தாள்.

"ஏட்டையா, பேப்பர உள்ள வைங்க" என்றாள் ஆத்தா. "இந்தக் கெழவிக்குப் புத்தி பெசகு. மகன் போனதுலருந்து இப்பிடித்தான் ஒளறும். நான்தான் கூப்புட்டுவந்து சொல்லச் சொன்னேன். பர்மாவுல செத்தது இவ மகந்தான்."

ஸ்டேஷனில் எல்லாரும் ஆத்தாளைப் பார்த்தார்கள். கிழவி வாயைத் திறந்தாள். "நீ வாய மூடு" என்று ஆத்தா அதட்டினாள்.

"அப்ப ஒம் புருசன்?" என்றான் ஏட்டு.

"ஒங்க நோட்டுல என்ன எழுதியிருக்கு?"

"தலைமறைவுன்னு எழுதியிருக்கு."

"அப்பத் தேடுங்க!"

அவள் குரல் வெளியே புளியமரத்தடி வரை கேட்டது.

"உக்கிரபாண்டி! சிக்கல் உக்கிரபாண்டி! அவருதான் எம் புருசன். பதினாலு வருசமா எங்கிட்ட வந்து கேட்டீகள்ல, இனிமே நான் ஒங்ககிட்ட வந்து கேக்குறேன். மாசம் ஒண்ணாந்தேதி வருவேன். உக்கிரபாண்டி கெடச்சாரான்னு கேப்பேன். செத்துட்டாருன்னா எழுதிக் குடுங்க, தாலிய அறுத்துக்கிறேன். இல்லையா, உசுரோட கொண்டாங்க."

அந்தப் பேரை ஆத்தா வாயிலிருந்து நான் முதன்முதலாகக் கேட்டேன். அதற்குள் ஏட்டு எழுந்துவிட்டான். ஏன் எழுந்தான் என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

வெளியே வந்ததும் கிழவி ஆத்தாவின் கையைப் பிடிக்கப் போனாள். ஆத்தா உதறினாள். "ஒனக்காகச் சொல்லல. அந்த நாயிக்கு ஒரு கேசு கெடைக்கக் கூடாதுன்னு சொன்னேன். போ, போயி ஒம் மகனுக்கு மெழுகுவத்தி ஏத்து." அவளை ராமநாதபுரம் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, கண்டக்டரிடம் இறக்கிவிட வேண்டிய இடத்தை இரண்டு தடவை சொன்னாள். அதன் பிறகு அவர்கள் சந்திக்கவே இல்லை. அய்யாவுக்கு என்று ஒரு குழி, ஒரு கல், எங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இன்றுவரை கிடையாது. அந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை, ஆற வேண்டிய அவசியமும் இல்லை.

அன்று வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு ஆத்தா அய்யாவுக்குப் படையல் போட்டாள். அழுதாள். முகத்தைக் கழுவிக்கொண்டு, முன்னைக்காட்டிலும் பெரிய பொட்டாக வைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

சொன்னபடி மாதா மாதம் போனாள். பதினோரு வருடம். தலை நிறையக் கனகாம்பரம், மஞ்சள் பூசிய முகம், கழுத்தில் தாலி. வாசலில் நின்று, "உக்கிரபாண்டி கெடச்சாரா?" என்று கேட்பாள். ஏட்டுகள் மாறினார்கள். ஒருவன் விரட்டினான், ஒருவன் கும்பிட்டான், ஒருவன் அவள் வருவதைப் பார்த்தாலே பின்பக்கமாகச் சைக்கிளை எடுத்தான். நோட்டில் எழுதினதை அடிக்க மட்டும் ஒருவனுக்கும் கை வரவில்லை. மேலதிகாரியிடம் கேட்க வேண்டும், சான்று வேண்டும் என்றார்கள். என்னைப் பெண் கேட்டு வந்தபோது, அப்பன் எங்கே என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்கள். "சர்க்கார் தேடிக்கிட்டு இருக்கு" என்றாள் ஆத்தா. அதைக் கேட்டுச் சிரித்த மாப்பிள்ளை செல்லச்சாமிதான் என் புருஷன். இந்தப் பேரை எழுதுவதற்கு எனக்குக் கூச்சமில்லை.

அறுபத்தேழில், பங்குனி வெயிலில் மிளகாய் பழம் எடுத்துக்கொண்டிருந்தவள் வரப்பில் உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை.

குளிப்பாட்டி முடித்ததும் எங்கள் சின்னாத்தா இராமலட்சுமி தாலிக்கயிற்றில் கை வைத்தாள். "அறுத்துட்டுத்தான் தூக்கணும். அவன் பட்டாளத்துல செத்தது நாடறிஞ்ச சேதி. அறுதலிக்குப் பூவும் பொட்டும் வச்சா ஊருக்கு ஆகாது."

என் அய்யாவை இலங்கைக்காரியோடு குடி வைத்த வாய் அது. மூக்குத்தி எந்தப் பக்கம் என்று சொன்னதும் அதே வாய்தான். உயிரோடு இருந்தவரைக்கும் ஓடிப்போனவன் பெண்டாட்டி, செத்த பிறகு பட்டாளத்துக்காரன் விதவையா?

"சின்னாத்தா, கையை எடு" என்றேன். "எங்கய்யா செத்துட்டாருன்னு யாரு சொன்னது? ஸ்டேசன் நோட்டப் போயிப் பாரு. உசுரோட இருக்காரு. சர்க்கார் எழுதினது. அதை மாத்தி எழுத இங்கன எவனுக்கு அதிகாரம் இருக்கு, வரச் சொல்லு. பொட்டு வைக்கிறேன், எவ தடுக்குறான்னு பாக்குறேன்."

சின்னாத்தா கையை எடுத்தாள். குங்குமத்தை நானே குழைத்து வைத்தேன். கனகாம்பரம் வைத்தேன். சுமங்கலியாகத்தான் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அடுத்த மாதம் ஒன்றாம் தேதி ஸ்டேஷன் வாசலில் நான் போய் நின்றேன்.